அட்ரஸ் அக்கா

எங்கள் நகராண்மைக் கழகத்தில் என் கவுண்டருக்கு அப்படியொன்றும் பெரிய மதிப்பு கிடையாது. நாய் லைசென்ஸ், சாலையோரக் கடை லைசென்ஸ், வீட்டு வரி, மூன்று நாளாகக் குப்பை லாரி வரவில்லை என்ற சண்டை. இவ்வளவுதான். ஆனாலும் வரிசையில் நிற்கும் தமிழர்களில் பாதிப் பேர் இது எதற்கும் வருவதில்லை, என்னிடம் முகவரி கேட்க வருவார்கள். எனக்குப் பட்டப்பெயரே அட்ரஸ் அக்கா.

காரணம் இருக்கிறது. எங்கள் ரப்பர் எஸ்டேட்டைத் துண்டாடி விற்றபோது ஒரே வரிசையில் குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். சிலர் புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைப் பக்கம், சிலர் குருபோங்கில் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளில், சிலர் மஸ்ஜித் தானா வரைக்கும். ஆனால் கல்யாணம் என்றால் எல்லோரும் வேண்டும். கார்டை நேரில் போய்த்தான் வைக்க வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கோடு, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி. வாட்ஸ்அப்பில் அனுப்பினால், "எங்கள கூப்பிட ஒரு ஆளு வரல" என்று பத்து வருஷம் பேசாமல் இருப்பவர்கள் எங்கள் ஜனங்கள். அதனால் பெண்ணைப் பெற்றவர்கள் ஒரு கட்டு கார்டோடு என் முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். நானும் சளைக்காமல் சொல்லுவேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள், ஆனாலும் ஒரு தை மாதத்தில் எனக்கு வருகிற கோயில் கல்யாணக் கார்டுகளைப் பார்த்தால் எங்கள் ஃபாதருக்கே பொறாமை வரும்.

இந்த ராஜ்ஜியத்துக்கு முதல் அடி ஒரு கடலைப் பொட்டலத்தால் விழுந்தது. பசாரில் வண்டி போட்டு கச்சான் பூத்தே விற்கும் அண்ணனிடம் கடலை வாங்கித் தின்றுகொண்டே நடந்தேன். காலியானதும் காகிதக் கூம்பைப் பிரித்தால், உள்ளே ஒரு பெரியவர் என்னை முறைத்துப் பார்க்கிறார். அடையாள அட்டையின் நகல்! பெயர், நம்பர், வீட்டு முகவரி, மேலே எங்கள் ஆபீஸ் முத்திரை. யாரோ பழைய காகிதத்தை எடைக்குப் போட்டிருக்கிறார்கள். ஐயோ சாமி என்று ஓடிப்போய் அண்ணனிடமிருந்த காகிதக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தேன். "கடல எதுல மடிச்சிக் குடுக்கறதுலா?" என்று அவர் பின்னாலிருந்து கத்தினார்.

அதை எங்கள் பிரிவு அதிகாரியின் மேசையில் வைத்தேன். அவர் மலாய்க்கார அம்மா, என்னைவிடச் சின்னவர், கோபம் வந்தால் குரல் இன்னும் தணிந்துவிடும். அன்று கிட்டத்தட்டக் கேட்கவே இல்லை. அடுத்த மாதமே காகிதத்தைச் சேமியா மாதிரி கிழிக்கும் மெஷின் வந்தது. திரையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி கறுப்புக் கண்ணாடித் தாள் ஒட்டினார்கள். யாருடைய விவரத்தைத் திறந்தாலும் எதற்காகத் திறக்கிறாய் என்று கம்ப்யூட்டர் கேட்கும். காரணத்தை எழுதினால்தான் வழிவிடும். யார் திறந்தது என்பதும் பதிவாகும். ஒரு நாள் முழுக்க வகுப்பு வேறு. நம்பரைச் சத்தமாகப் படிக்காதே, நகலை மேசையில் விடாதே, சொந்தக்காரர் கேட்டாலும் கொடுக்காதே. மத்தியானம் கொடுத்த நாசி லெமாக் சோறு நன்றாக இருந்தது.

நான் புலம்பாத ஆள் இல்லை. காது கேட்காத தாத்தாவிடம் அடையாள அட்டை நம்பரை மெதுவாகக் கேட்டால் அவருக்கு எப்படிப் புரியும்? சத்தம் போடாமல் இருக்க, திரையிலிருந்த நம்பரை ஒரு துண்டுத்தாளில் எழுதி, சரியா என்று காட்டினேன். அவர் அதைக் கையில் எடுத்து, ஹால் முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு எண்ணாகப் படித்து, "கரெக்டு" என்றார்.

கார்டுக்காரர்களிடம் கையை விரித்தேன். "ரூல் மாறிப்போச்சு. கம்ப்யூட்டர தொட்டா என் பேரு ஏறிடும்."

"அட, நீங்க வேற. உங்க வாய்க்கு யாரு பூட்டு போட்டா?" என்று ஒரு மாமி சிரித்தார்.

அது எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்குத்தான் பாதி ஊர் மனப்பாடமாயிற்றே! கம்ப்யூட்டரைத் தொடவில்லை, எழுதித் தரவில்லை, வீட்டு நம்பரும் சொல்லவில்லை. "அந்தப் பெட்ரோல் ஸ்டேஷனத் தாண்டி மூணாவது ஜாலான், பச்ச கேட்டு" என்று பேச்சுவாக்கில் சொல்வதில் என்ன தப்பு? சட்டமும் நிற்கும், சனங்களும் சந்தோஷமாகப் போவார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்படி ஒரு காலையில், என் வயதில் ஒரு பெண் வந்தார். பட்டுச்சேலை, கையில் தட்டு, மேலே மஞ்சள் தடவிய கார்டு. ஒரு பேரைச் சொல்லி, "எங்க சித்தப்பா மக, அக்கா. மஸ்ஜித் தானாவுல இருந்துச்சு, இப்ப எங்க போச்சின்னே தெரியல. இந்த ஒரு கார்டுதான் பாக்கி" என்றார்.

எனக்கு உடனே ஞாபகம் வந்தது. ஆறேழு மாதத்துக்கு முன்னால் இடியாப்பக் கடைக்கு லைசென்ஸ் எடுக்க வந்த பெண். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு மகள் கூட இருந்தாள். விண்ணப்பப் பாரத்தை எழுதும்போது அந்தப் பெண், "இந்த அட்ரஸ யாரும் பாப்பாங்களா அக்கா?" என்று கேட்டது. "சேச்சே, பீரோவுக்குள்ள போயிரும்மா" என்றேன். ஏன் கேட்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

"குருபோங்லதான் இருக்கு. காலையில கிளினிக்குக்கு எதுத்தாப்ல மேச போட்டு இடியாப்பம் விக்கும். வீடும் அந்தப் பின் சந்துதான்" என்று சொல்லிவிட்டு, "எனக்குக் கார்டு இல்லியா?" என்று விளையாட்டாகவும் கேட்டேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தட்டைத் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து இடியாப்பக்காரப் பெண் என் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றது. வலது கையில் முழங்கை வரை கட்டு.

"லைசென்ஸ கேன்சல் பண்ணனும் அக்கா. வேற எடத்துக்குப் புதுசா எடுக்கணும்."

"கையில என்னம்மா?"

அது சத்தமில்லாமல் சொன்னது. அடித்து உதைக்கும் புருஷனிடமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். போன் நம்பரை மாற்றி, மகளைப் பள்ளி மாற்றி, சொந்தக்காரர் யாருக்கும் இடத்தைச் சொல்லாமல் இருந்திருக்கிறது. அவனுடைய அக்கா ஒரு நாள் கார்டும் தட்டுமாகக் கடைக்கு வந்தாளாம். மறுநாள் காலையில் அவனே வந்தானாம். இடியாப்பச் சட்டியை உதைத்ததில் கொதிக்கிற தண்ணீர் கையில் கொட்டிவிட்டது. கிளினிக்குக்கு வந்தவர்கள் பிடித்துக்கொண்டதால் தப்பித்தது. போலீஸில் ரிப்போர்ட் கொடுத்திருக்கிறது. அன்றைக்கே வீட்டைக் காலி செய்துவிட்டது.

"அந்தக் கார்ட பிரிச்சிப் பாத்தேன் அக்கா. கல்யாணம் போன வருஷமே முடிஞ்சிருச்சு."

நான் மஞ்சளைத்தான் பார்த்தேன், கார்டைப் பிரித்துப் பார்க்கவில்லை.

"யாரு காட்டிக் குடுத்தாங்கன்னுதான் தெரியல" என்றது.

எனக்கும் அது தெரியாத மாதிரி இருந்துவிடலாம். கம்ப்யூட்டரில் என் பெயர் இல்லை, ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. எந்த அதிகாரி வந்து தோண்டினாலும் என் கை சுத்தம். அவ்வளவு கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறேன், பாருங்கள். எதிரில் அந்தக் கட்டுப்போட்ட கை மேசைமேல் இருந்தது.

"நான்தாம்மா சொன்னேன்" என்றேன். "கல்யாணக் கார்டுன்னு நெனச்சி சொல்லிட்டேன். என்ன மன்னிச்சிரு."

அது என்னைத் திட்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை. அதன் கண் மட்டும் கலங்கியது. நான் எழுந்து, "நானே மேடத்துகிட்ட போயி சொல்றேன். என்ன பண்ணாலும் பண்ணட்டும். நீ மொதல்ல உக்காரு, புது லைசென்ஸ இப்பவே முடிச்சித் தரேன், வரிசையில நிக்க வேணாம்" என்று பாரத்தை எடுத்து நீட்டினேன். என்னால் அப்போது செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

பாரத்தை இடது கையால் வாங்கிக்கொண்டது. உட்காரவில்லை. சுற்றிலும் பார்த்தது. நான்காவது கவுண்டரில் போன மாதம்தான் ஜொகூரிலிருந்து மாற்றலாகி வந்த ஒரு மலாய்ப் பெண் இருந்தாள். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது, இந்த ஊரில் யாரையும் தெரியாது. அங்கே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள்.

"நான் அங்கயே குடுத்துக்கறேன் அக்கா."

"நேரமாகும்மா."

"பரவாயில்ல. கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு எங்கள எல்லாம் தெரியும். அந்தப் பொண்ணுக்கு என்னத் தெரியாதுல்ல, அதுவே போதும்."

வரிசையின் கடைசியில் போய் நின்றது. முக்கால் மணி நேரம் கழித்து அதன் முறை வந்தபோது, இடது கையால் தட்டுத்தடுமாறி முகவரியை எழுத ஆரம்பித்தது. கட்டுப்போட்ட கையைத் தாளுக்கு மேலே குறுக்கே வைத்து, என் பக்கத்திலிருந்து தெரியாதபடி மறைத்துக்கொண்டது.