எட்டுப் பாகக் கயிறும் எட்டு மீட்டர் நாடாவும்

1976 ஜனவரி 9 என்று தேதியிட்டு என் தங்கை சலேத் தூத்துக்குடியிலிருந்து எழுதிய ஏர்மெயில் கடிதம் ஜனவரி 21 அன்று இங்கே வந்து சேர்ந்தது. உப்பு விலை, கொத்தனார் வராதது, கோயில் திருநாளுக்கு மாதா தேரில் புது விளக்கு போட்டது என்று மூன்று பக்கமும் வழக்கமான சேதிகள். தாளை மடித்து ஒட்டுகிற ஓரத்தில் மட்டும், இடம் போதாமல் சாய்த்து, ஒரு வரி: “அன்னைக்கிக் கயிறு அசைஞ்சிச்சா அண்ணே? நீங்க எழுதி வச்சிருப்பியளே.” ஐந்து வருஷமாக அவள் கேட்காத கேள்வி அது. நான் இன்றுவரை பதில் சொல்லாத கேள்வியும் அதுதான்.

நான் வேலை பார்க்கும் இந்த மேற்கு ஜெர்மனிச் சிற்றூரில் குதிரைகளுக்குப் பிறந்த தேதி உண்டு. லாயத்தில் ஒவ்வொரு அறைக் கதவிலும் ஒரு கறுப்புப் பலகை. அதில் குதிரையின் பெயர், தாயின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள். என்னைப் பெற்றவள் பிறந்த தேதி எனக்குத் தெரியாது. பெரிய புயல் அடித்த வருஷம் என்பார்கள். எந்தப் புயல் என்று நான் தேடி முடிப்பதற்குள் அவள் போய்விட்டாள். வந்த புதிதில் தினமும் காலையில் அந்தப் பலகைகளை ஒரு சுற்று வாசித்துவிட்டுத்தான் சாணம் அள்ளத் தொடங்குவேன். ஊரில் நமக்குத் தெரிந்த குதிரை ஸ்டேஷன் வாசலில் நிற்கும் ஜட்கா குதிரை. வண்டிக்காரர் சாட்டைக் கம்பைச் சக்கரத்து ஆரங்களுக்குள் விட்டுக் கடகடவென்று சத்தம் எழுப்பினால் அது ஓடும். சத்தம் நின்றால் நிற்கும். அதற்குப் பெயர் கிடையாது. அதனோடு யாரும் பேசியும் நான் கேட்டதில்லை.

நான் குதிரைக்காரன் அல்ல. தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். என் மனைவி பிலோமினா நர்ஸ். கன்னியர் மடத்தின் வழியாக 1970-இல் இங்கே வந்தவள். 1972 அக்டோபரில் நான் வந்து சேர்ந்தபோது, நர்ஸ்களின் புருஷன்மார்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்றார்கள். இரண்டு வருஷம் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நூலகப் புத்தகங்களைப் படித்தேன். அனுமதி கிடைத்தபோது கிடைத்த வேலை இந்த லாயம். மனைவியின் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த ஒரு கிழவியின் மகள், ஃப்ராவ் லிண்ட்னர், இங்கே குதிரைகளைப் பழக்குகிறவள். என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் தினமும் பலகைகளை வாசிப்பதைப் பார்த்துவிட்டு, இவன் பொறுமைசாலி என்று முடிவு கட்டினாள். கடிதம் வந்து ஒரு மாதம் கழித்து, பிப்ரவரிக் கடைசியில், என்னை ஹெல்லாவிடம் கூட்டிப் போனாள்.

ஹெல்லா செந்நிறப் பெட்டைக் குதிரை. முன்பு வைத்திருந்தவர்கள் அவசரப்பட்டு வாயில் இரும்பைத் திணித்து, முதுகில் ஏறி, அடித்துக் கெடுத்திருந்தார்கள். யார் பக்கத்தில் போனாலும் தலையை உதறும். லாயத்து முதலாளி செப்டம்பர் வரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் அவர் கண்முன்னால் கலவரம் இல்லாமல் வட்டம் நடந்தால் இங்கே இருக்கும். இல்லாவிட்டால் தரகரின் லாரியில் ஏறும். தரகரிடம் போகிற குதிரைகளில் பல கசாப்புக்குத்தான் போகின்றன. இந்த நாட்டில் குதிரை இறைச்சிக்கென்றே கடைகள் உண்டு. கதவுப் பலகையில் அவள் பிறந்தது 1971 ஏப்ரல் என்று இருந்தது. என் மாப்பிள்ளை, அதாவது சலேத்தின் புருஷன், இறந்து மூன்று, நான்கு வாரம் கழித்து. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

ஃப்ராவ் லிண்ட்னரின் முறையில் யாரும் குதிரைமேல் ஏறுவதில்லை. மாதக்கணக்கில் தரையில் நின்றேதான் வேலை. குதிரை வட்டமாக நடக்கும்; நடுவில் நாம் நிற்போம்; இருவருக்கும் இடையில் எட்டு மீட்டர் பருத்தி நாடா. இதை லோங்ஷ் என்கிறார்கள். நாடா இறுகவும் கூடாது, தரையில் தொங்கவும் கூடாது. குதிரை வெட்டி இழுத்தால் நாம் இழுக்கக் கூடாது. விரல்களைத் திறந்து கொஞ்சம் விட வேண்டும். பழைய காலத்து ராஜசபைக் குதிரைகளை இப்படித்தான் பழக்கினார்கள் என்று நூலகத்தில் படித்தேன். படித்தது கைக்கு எட்டவில்லை. முதல் நாள் ஹெல்லா தலையை உதறியதும் என் இரண்டு கைகளும் மாறி மாறி நாடாவை வாரி இழுத்தன. அவள் பின்னங்காலில் எழுந்து நின்றுவிட்டாள். மறுநாளும் அப்படியே.

“யார் உனக்கு இப்படிக் கற்றுக்கொடுத்தார்கள்?” என்று கேட்டாள் ஃப்ராவ் லிண்ட்னர்.

எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன்: “ஊரில் நான் கயிறு பிடித்தவன். மறுமுனையில் என் தங்கை புருஷன்.”

அவள் கண்ணை அகல விரித்தாள். “தங்கை புருஷனைக் கயிற்றில் கட்டினாயா? ஓடிப்போவானா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். திருத்திச் சொல்ல எனக்குச் சொற்கள் போதவில்லை. நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன். மதியத்துக்குள் லாயம் முழுக்க அது பரவி, நாலைந்து பேர் என்னைப் பார்த்துக் கயிறு இழுப்பதுபோல் சைகை காட்டினார்கள். அவர்கள் நல்லவர்கள். அவர்களுக்குத் தெரியாது.

தெரிந்த நம் ஊர்க்காரர்களுக்கும், தெரியாத மற்றவர்களுக்கும் இங்கே எழுதிவைக்கிறேன். சங்கு குளிக்கிறவனின் இடுப்பில் ஒரு கயிறு. வள்ளத்தில் நின்று அதைப் பிடிக்கிறவன் அவன் மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் கடற்கரை வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலியைத் தானே அறுக்க எவனும் துணிய மாட்டான் என்பதுதான் காரணம். கீழே மூச்சு முட்டினால் குளிக்கிறவன் கயிற்றைச் சுண்டி ஒரு வெட்டு வெட்டுவான்; மேலே இருப்பவன் அந்தக் கணமே இழுத்துவிட வேண்டும். சலேத்துக்கு அண்ணன் தம்பி என்று நான் ஒருவன்தான். அதனால் கிளார்க்காக இருந்தும், சங்குச் சீசனில் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு மாப்பிள்ளை குருசுவுக்குக் கயிறு பிடிக்கப் போவேன். எட்டுப் பாகம், சில நாள் ஒன்பது பாகம் ஆழம்; இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்.

கடலிலும் நோட்டை விட்டதில்லை. ஒவ்வொரு முக்குளிப்புக்கும் இறங்கிய நேரம், ஏறிய நேரம், கிடைத்த சங்கு. குருசு தண்ணீரில் இறங்கும் முன்னால் வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேலி பேசுவான்.

“மச்சான், நான் செத்தாக்கூட எத்தன மணி, எத்தன நிமிசம்னு நீரு கரெக்டா எழுதிருவீரு, என்னா?”

“எழுதுவேம் மாப்ள. நீ முதல்ல முங்கு.”

“முங்குதேன் முங்குதேன். பென்சில் மொன மழுங்கிறாம பாத்துக்கிடும்.”

வள்ளத்தின் பின்னணியத்தில் சுக்கான் பிடித்திருக்கும் சவரிமுத்து அண்ணாச்சிக்கு இது பிடிக்காது. “ஏ கிளார்க்கு, எழுதுனது போதும். கயித்தப் பாரும்” என்பார்.

1971 மார்ச், தவக்காலத்தின் மூன்றாம் வாரம். கடல் தெளிவாக இல்லை. நீரோட்டம் தெற்கே இழுத்துக்கொண்டிருந்தது. குருசு இறங்கினான். இடது கையில் கயிறு, வலது கையில் பென்சில். 10.42 என்று எழுதிவிட்டு, முந்தைய முக்குளிப்பின் சங்குக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். அப்போது என் இடது கட்டைவிரலுக்குக் கீழே கயிறு அசைந்தது. வெட்டு அல்ல. ஏதோ மீன் உரசிப் போனது போல ஓர் அசைவு. நீரோட்டம் என்று நினைத்தேன். எழுதிக்கொண்டிருந்த எண்ணை எழுதி முடித்தேன். அதற்குப் பிறகு கயிறு அசையவே இல்லை.

“என்னவே, இன்னுமா ஏறல?” என்று அண்ணாச்சி கத்திய பிறகுதான் இழுத்தேன். உயிருள்ள ஆளை இழுக்கும்போது அவனும் காலை உதைத்துப் பாதி வேலை செய்வான். அன்று முழுப் பாரமும் என் கையில் இருந்தது. நோட்டில் அந்த வரி இன்றும் அப்படியே இருக்கிறது: இறங்கியது 10.42. ஏறியது என்ற கட்டம் காலி. வீட்டில் சலேத் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரிலும் யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத ஊரில் ஒன்றரை வருஷம் இருந்தேன். பிறகு விசா வந்தது.

இங்கே, இந்த வருஷம் மார்ச் மாதம் ஃப்ராவ் லிண்ட்னர் ஒரு காரியம் செய்தாள். நாடாவைப் பிடுங்கிக்கொண்டு, அதற்குப் பதில் தையல் நூலை ஹெல்லாவின் தலைக்கட்டில் முடிந்து மறுமுனையை என் கையில் கொடுத்தாள். “அறுந்தால் நீ இழுத்தாய் என்று அர்த்தம்.” முதல் நாள் இருபத்து மூன்று முறை அறுந்தது, எண்ணி எழுதினேன். ஈஸ்டர் முடிந்து ஒன்பது, மே மாதக் கடைசியில் இரண்டு. இந்த வருஷக் கோடை இங்கே யாரும் கண்டிராத கோடை. புல் கருகி, மைதானம் வெடித்து, ஏறக்குறைய விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலைப் போல் கிடந்தது. ஜெர்மன்காரர்கள் தவித்தார்கள். எனக்கு மட்டும் உடம்பு லேசாயிற்று. ஜூலை 11 முதல் நூல் அறுபடவே இல்லை. ஹெல்லா என்னைச் சுற்றி நடந்தாள். அவள் காது திரும்புவது, மூச்சு மாறுவது, காலை ஊன்றும் முன் எடை சாய்வது எல்லாம் நூல் வழியாக என் விரலுக்கு வந்தன. காற்று அசைப்பது ஒரு மாதிரி. ஈ உட்கார்ந்து தோல் சிலிர்ப்பது ஒரு மாதிரி. அவளாக என்னிடம் ஏதோ கேட்பது முற்றிலும் வேறு மாதிரி. ஆகஸ்டில் ஒரு நாள் அவள் நின்று, தலையைத் தாழ்த்தி, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. குதிரைக்காகத்தான் இத்தனையும் செய்தேன் என்று சொன்னால் பொய். இப்போது என் கைக்கு வித்தியாசம் தெரிகிறது. அந்தக் கையைக் கொண்டு பழைய அசைவைத் திரும்ப நினைத்துப் பார்க்கலாம். அது தண்ணீரா, மாப்பிள்ளையா என்று சொல்லிவிடலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணை மூடி உட்கார்ந்து இடது கட்டைவிரலை நினைவுபடுத்திப் பார்த்தேன். மூன்று வாரத்தில் முடிவுக்கு வந்தேன். அது நீரோட்டம். ஆகஸ்ட் 29 அன்று சலேத்துக்குக் கடிதம் எழுதினேன்: “கயிறு அசைந்தது. ஆனால் மாப்பிள்ளை அசைக்கவில்லை. இதை இப்போது உறுதியாகச் சொல்ல முடியும்.” முதலாளி ஹெல்லாவைப் பார்க்க வருகிற நாள் முடிந்தபின் தபாலில் போடலாம் என்று கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். பிலோமினா படித்துப் பார்த்தாள். “இத அவளுக்காக எழுதுனியளா, ஒங்களுக்காக எழுதுனியளா?” என்று மட்டும் கேட்டுவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டாள்.

செப்டம்பர் 24, வெள்ளிக்கிழமை, காலை. முதலாளி வேலி ஓரம் நின்றார். இன்று நூல் வேண்டாம், வழக்கம்போல் நாடாவைப் பிடி என்றாள் ஃப்ராவ் லிண்ட்னர். ஹெல்லா இடமாக ஆறு வட்டம் நடந்தாள், நின்றாள், திரும்பினாள், வலமாக நடந்தாள். முதலாளி தலையாட்டியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அப்போது நாடாவில் ஒரு சின்ன அசைவு. எனக்கு அது என்ன என்று தெரியும், காற்று. சந்தேகமே இல்லாமல் விரல்களைத் திறந்து விட்டுக்கொடுத்தேன். அது காற்று அல்ல. அவள் ஏதோ கண்டு உள்பக்கமாக ஒதுங்கியிருக்கிறாள். நான் விட்ட நாடா தரையில் வளைந்து விழுந்து, அவள் பின்னங்காலில் சுற்றிக்கொண்டது. அந்த ஒரு கணம் பழையபடி வாரி இழுத்திருந்தால் சுற்றியிருக்காது. கால் மாட்டிக்கொண்டது தெரிந்ததும் அவள் பாய்ந்தாள், வேலியில் மோதி விழுந்தாள். எழுந்தபோது அந்தக் காலை ஊன்றவில்லை.

வைத்தியர் வந்து பார்த்துவிட்டுப் பின்கால் நரம்பு போய்விட்டது என்றார். முதலாளி கோபிக்கக்கூட இல்லை. ஃப்ராவ் லிண்ட்னர் அழுதுகொண்டே என் தோளைப் பிடித்து, “உன்மேல் தப்பு இல்லை. நான் கற்றுக்கொடுத்ததை அப்படியே செய்தாய்” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். கயிறு பிடித்தவனுக்கு அதைவிடக் கொடுமையான வார்த்தை இல்லை என்று அவளுக்கு எந்த மொழியில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை காலை 8.10-க்கு லாரி வந்தது. லாரியில் சாய்த்து வைத்த பலகைமேல் ஏற மாட்டேன் என்று ஹெல்லா யாருக்கும் பணியவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டார்கள். என் கையிலிருந்த நாடா இறுகாமல், தொங்காமல், நான் முன்னே நடக்க, மூன்று காலில் நொண்டிக்கொண்டு என் பின்னாலேயே ஏறினாள்.

கோட்டுப் பையிலிருந்த கடிதத்தை அன்றே கிழித்துவிட்டேன். எட்டு மீட்டர் தூரத்தில், பட்டப்பகலில், கண்ணெதிரே நின்ற ஒரு பிராணியின் அசைவை அத்தனை உறுதியாகத் தப்பாகச் சொன்ன கை, எட்டுப் பாகத்துக்குக் கீழே கலங்கல் தண்ணீரில் நடந்ததைப் பற்றி என்ன சாட்சி சொல்லும்?

லாயத்தில் இன்னும் வேலை செய்கிறேன். சாணம் அள்ளுவதோடு சரி. நாடாவைத் தொடுவதில்லை. ஹெல்லாவின் பலகையை ஈரத் துணியால் துடைத்து வேறு பெயர் எழுதிவிட்டார்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுச் சோபாவில் நான் கண் அசந்தால் கைகள் சும்மா இருப்பதில்லையாம். பிலோமினா சொல்கிறாள்: வலது கை எதையோ வாரி இழுக்கிறது; இடது கை அதே நேரத்தில் ஒவ்வொரு விரலாகத் திறந்து விடுகிறது. எழுப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாளாம்.

இன்று டிசம்பர் 5. சலேத்துக்குக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். காலையில் தபாலில் போடுவேன். நான் பென்சில் பிடித்திருந்ததையும், எண்ணை எழுதி முடித்ததையும் முதல்முறையாக அதில் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்ட கேள்விக்கு நோட்டில் எழுதுவதுபோல், கூட்டாமல் குறைக்காமல், இவ்வளவுதான் எழுத முடிந்தது: கயிறு அசைந்தது. அசைத்தது கடலா, குருசுவா என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை.