பதினாலு மட்டை, நாலு பிள்ளைகள்

காலேஜில் பி.டி. மேடம் என்றால் விசில் ஊதுகிற வேலை என்று நினைக்கிறார்கள். பாதி நாள் அது ஒரு கையெழுத்துக்காக வராந்தாவில் நிற்கிற வேலை. ஏதாவது ஒரு டீமைக் கட்டி மேய்த்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நான் மேய்த்தது கோல்ஃப் டீம். அதுவும் மதுரையில்.

ஆள் பிடித்தது

பல்கலைக்கழகம் பெண்கள் கோல்ஃப் டீம் அமைக்கிறது, நம் காலேஜிலிருந்துதான் நாலு பேர் போகணும் என்றார் பிரின்சிபால். நான் கோகோ ஆடினவள். கொடைக்கானலில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து நோட்டீஸ் போட்டேன், ஒருத்தியும் வரவில்லை. கடைசியில் ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த மேலூர் செல்வி, ஈட்டி எறிகிற உசிலம்பட்டி பாண்டியம்மாள், ஓட்டக்காரி பேரையூர் கவிதா மூவரையும் நானே போய்ப் பிடித்தேன். தானாக வந்தவள் ஆயிஷா மட்டும்தான். டவுனில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். அதுவரை எதுவும் விளையாடியதில்லை.

பாண்டியம்மாளின் அப்பா சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட நேரில் வந்தார். உசிலம்பட்டிச் சந்தையில் மாடு வாங்கி விற்பவர். பந்தை அடித்துவிட்டு, அது கிடக்கிற இடத்துக்கு நடந்து போய், மறுபடி அடித்து, குழியில் போட வேண்டும். ஒரு ஆட்டம் முடிய நாலைந்து மணி நேரம் ஆகும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "வெயில்ல நடக்கணும், அம்புட்டுத்தான மேடம்? அதுக்கு எதுக்கு எம் மகளுக்குக் கோச்சிங்கு?"

கண்மாய்க்குள்

புல்வெளிக்கு எங்கே போவது? காலேஜுக்குப் பின்னால் வற்றிக் கிடந்த கண்மாயில் தேங்காய்நார் மிதியடியை விரித்து, அதன் மேல் பந்தை வைத்து அடித்தோம். பாதிப் பந்து கருவேலம் புதருக்குள் போய்விடும். செல்வியின் பந்து எப்போதும் வலப்பக்கமே ஓடியது. பிடியை மாற்றினேன், காலை மாற்றி நிற்க வைத்தேன், வீடியோ எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் சரியாகவில்லை. அவள் ஹாக்கிக்கே போய்விடுகிறேன் என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே ஆடு மேய்க்கும் கருப்பையா அண்ணன் ஒரு வாரமாக எங்களைக் கவனித்தபடி இருந்தவர். ஒருநாள் என்னிடம் வந்து ஒரு விஷயம் சொன்னார். அதன்படி செய்ததும் செல்வியின் பந்து நேராகப் போனது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "டீச்சர், அந்த மேலூர்ப் பிள்ளை அடிக்கிறதுக்கு முன்னாடியே பந்து எங்க போகுதுன்னு பாக்குது. அடிச்சிட்டுப் பாக்கச் சொல்லுங்க."

பங்கு பிரித்தது

எங்களிடம் இருந்தது ஒரு பை, பதினாலு மட்டை. ஒரு டாக்டர் ஆடி முடித்துவிட்டு காலேஜுக்குக் கொடுத்தது. நாலு பேரும் மாற்றி மாற்றித்தான் பழகினார்கள். கோயம்புத்தூரில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி. அன்று காலையில்தான் நடுவர் விதியைச் சொன்னார்: களத்தில் இருக்கும்போது ஒருவர் மட்டையால் இன்னொருவர் அடிக்கக் கூடாது. இது தெரியாமலேயே பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்தேன். வாடகை மட்டைகளை மற்ற டீம்கள் முந்தின நாளே எடுத்துவிட்டார்கள். விலகிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுக்கத் தாள் வாங்கப் போனேன்.

திரும்பி வந்தால், பிள்ளைகள் பையைக் கவிழ்த்து மட்டைகளைப் பங்கு போட்டிருந்தார்கள். தூரமாக அடிக்கிற பாண்டியம்மாளுக்கு நீளமானவை. குழிப் பக்கம் உருட்டுகிற மட்டை ஒன்றே ஒன்று; சீட்டுப் போட்டதில் அது கவிதாவுக்கு விழுந்திருந்தது. மற்ற மூவரும் இரும்பு மட்டையாலேயே உருட்டிக்கொள்வதாகச் சொன்னார்கள். ஆளுக்கு மூன்றோ நாலோ மட்டையோடு பதினெட்டுக் குழியும் ஆடி முடித்தார்கள். எட்டு டீமில் ஆறாவது. எங்களுக்குக் கீழே இருந்த இரண்டு டீமிலும் ஆளுக்கொரு முழுப் பை இருந்தது. அதில் ஒரு டீமின் கோச் வந்து என் கையைக் குலுக்கினார். "மேடம், அடுத்த வருஷம் இவங்களுக்கு முழு செட் வாங்கிக் கொடுத்துடாதீங்க."

அரியர்

அடுத்த வருடப் பட்டியலுக்கு ஒரு நிபந்தனை: அரியர் இருந்தால் பெயர் கிடையாது. கவிதாவுக்குப் புள்ளியியலில் ஒன்று நின்றது. அவள் இல்லையென்றால் மூன்று பேர்தான், டீமே கிடையாது. புள்ளியியல் சாருக்கோ கிரவுண்டுக்குப் போகிற பிள்ளை உருப்படாது என்பது முடிந்த முடிவு. ஒவ்வொரு செமஸ்டரும் அதை என் முகத்துக்கு நேரே சொல்வார்.

கணக்கில் கெட்டியான ஆயிஷா அதைக் கையில் எடுத்தாள். கண்மாயில் ஒருத்தி அடிக்கும்போது மிதியடி ஓரத்தில் கவிதாவை உட்கார வைத்து, அவளுடைய சொந்த ஆட்டக் கணக்கை வைத்தே சராசரியும் விலக்கமும் போடச் சொல்லிக் கொடுத்தாள். ரிசல்ட் வந்தது. நாலு பேரும் எல்லாப் பாடத்திலும் பாஸ். கவிதா புள்ளியியலில் எழுபதைத் தாண்டியிருந்தாள். அன்று புள்ளியியல் சார் முதல் தடவையாக என் அறை வாசலுக்கு வந்தார். சுவரில் இருந்த டீம் போட்டோவைக் கையால் காட்டினார். "எங்க கிளாஸ்ல இன்னும் ஆறு பேருக்கு அரியர் இருக்கு மேடம். உங்க டீம்ல இடம் இருக்கா?"

என் பயோடேட்டாவில் இப்போது ‘கோல்ஃப் பயிற்சியாளர்’ என்று பெருமையாகப் போட்டிருக்கிறேன். யார் யாருக்குப் பயிற்சி கொடுத்தது என்று எழுத அதில் கட்டம் இல்லாதது என் அதிர்ஷ்டம்.