பம்ப்புக்கு வைத்த பொட்டு

செஞ்சியில் நான் வாடகைக் கார் ஓட்டிய காலத்தில், ஆயுத பூஜை என்றால் கடைத்தெருவில் என் வண்டிதான் மாப்பிள்ளை. அந்த வருஷம் பானெட்டுக்குள் இருந்த எலெக்ட்ரிக் பெட்ரோல் பம்ப்பைக்கூட நான் விடவில்லை. எர்த் ஒயரைக் கழற்றி, பம்ப்பைப் பளபளவென்று துடைத்து, சந்தனத்தைத் தாராளமாக அப்பி, குங்குமம் வைத்து, ஒயரைத் திரும்ப மாட்டினேன். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கியதோடு அன்று வண்டிக்கு ஓய்வு.

மறுநாள் காலை துணிக்கடை முதலாளி தந்தியும் கையுமாக ஓடி வந்தார். சென்னப்பட்டணத்தில் அண்ணன் வீட்டில் இருந்த அவருடைய அம்மாவுக்கு மோசமாம். பஸ் போய்விட்டிருந்தது. திண்டிவனத்தில் ரயிலைப் பிடித்தால் மத்தியானத்துக்குள் போய்விடலாம்.

கார்புரேட்டரில் தேங்கியிருந்த பெட்ரோல் தீரும்வரை ஓடிய வண்டி, ஊரைத் தாண்டியதும் இருமி நின்றது. சாவியைத் திருப்பினால் பம்ப் டக் டக் என்று அடிக்க வேண்டும். சத்தமே இல்லை.

யுத்தம் முடிந்தும் பெட்ரோல் கூப்பனில்தான் கிடைத்தது, அதிலும் அழுக்கு. அதனால் குழாயைக் கழற்றி வாயால் ஊதினேன். பம்ப்பைச் சுத்தியின் பிடியால் தட்டினேன். பேட்டரியைப் பார்த்தேன். பொட்டு வைத்த இடத்தை மட்டும் பார்க்கவில்லை. நேற்றுக் கும்பிட்ட இடத்தில் கோளாறு இருக்கும் என்று என் புத்திக்கு எட்டவில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது.

கடைசியில் பின் விளக்கின் பல்பைக் கழற்றி இரண்டு ஒயர் சுற்றினேன். முதலாளியே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பல்பைப் பிடித்தார். ஒரு ஒயரை பம்ப்புக்கு வரும் கரண்டிலும் மற்றதை வண்டியின் இரும்பிலும் வைத்தேன். எரிந்தது. இரும்பை விட்டு பம்ப்பின் உடம்பில் வைத்தேன். எரியவில்லை. கரண்ட் வருகிறது, திரும்பிப் போகத்தான் வழியில்லை. எர்த் ஸ்க்ரூவைக் கழற்றினேன். ஒயருக்கும் பம்ப்புக்கும் நடுவே காய்ந்து இறுகிய சந்தனம்.

"முதலாளி, நான்தான் இதை..." என்றேன்.

"சாமிக்கு வச்சது தானே. சுரண்டிட்டு வண்டிய எடு டிரைவரே" என்றார்.

சுரண்டி மாட்டியதும் பம்ப் அடித்தது. என்னதான் விரட்டியும் ஸ்டேஷனில் ரயில் இல்லை. அடுத்த ரயிலுக்கு அவரை உட்கார வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

காரியம் முடிந்து திரும்பும்போது அவர் என்னைத்தான் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருந்தார். மொட்டைத் தலையோடு முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் கேட்காமலே அவரே சொன்னார்.

"சாயந்திரம் தான் போய்ச் சேர்ந்தேன். மத்தியானம் வரைக்கும் நெனவு இருந்துச்சாம். சின்னவன் வந்துட்டானா, சின்னவன் வந்துட்டானான்னு கேட்டுக்கினே இருந்துச்சாம்."

குறையாகச் சொல்லவில்லை. வீட்டு மனுஷனிடம் சொல்வதுபோலத்தான் சொன்னார். அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் நான் ரோட்டில் குழாயை ஊதிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. சாவியைத் திருப்பினேன்.

அவர் சட்டென்று கையை உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்தார். டக், டக், டக்.

"அடிக்குது டிரைவரே" என்றார், எனக்காகச் சந்தோஷப்பட்டு.