இரண்டு தியேட்டருக்கு ஒரு போலீஸ் படம்

பிள்ளைகளா, டிவியில் போலீஸ் படம் ஓடினால் அப்பா எழுந்துபோய்ப் படுத்துக்கொள்கிறார் என்று உங்களுக்கு வருத்தம். ஒற்றை ஆளாக ஒரு ரவுடிக் கூட்டத்தையே அடித்து நொறுக்கும் படத்தின் மேல் அப்படி என்ன கோபம் என்று கேட்டீர்கள். கோபம் இல்லை. அலுப்பு.

நீங்கள் பிறப்பதற்கு முன்னால், நான் தியேட்டரில் படப்பெட்டி கொண்டுபோகும் வேலையில் இருந்தேன். காளவாசல் பக்கம் ஒரு தியேட்டரும் அலங்காநல்லூர் தியேட்டரும் ஒரே படப்பிரதியை வைத்து ஓட்டும். காளவாசலில் மதியக் காட்சி முந்தித் தொடங்கும். இடைவேளை விட்டதும் முதல் பாதியைத் தகரப் பெட்டியில் போட்டு, மொபெட்டில் கட்டிக்கொண்டு அலங்காநல்லூர் போவேன். அங்கே படம் ஆரம்பித்ததும் திரும்பி வந்து இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டு, அவர்கள் இடைவேளைக்குள் போய்ச் சேரவேண்டும். கையோடு முதல் பாதியை வாங்கிவந்து காளவாசலின் சாயங்காலக் காட்சிக்குக் கொடுக்கவேண்டும்.

அந்த வருடம் வந்த போலீஸ் படத்துக்கு இரண்டு ஊரிலும் நல்ல கூட்டம். ஒருநாள் வண்டி பஞ்சராகி நான் பிந்தியதில், சனம் உட்கார்ந்திருந்த சீட்டையே கிழித்துவிட்டது. "இன்னொரு தடவ லேட்டாச்சுன்னா நீ வராதப்பா, நான் வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றார் அலங்காநல்லூர் மேனேஜர். உங்கள் அம்மா அப்போது பெரியவனைச் சுமந்துகொண்டிருந்தாள். எனக்கு வேறு வேலையும் தெரியாது.

அதே வாரம், இரண்டாம் பாதியோடு ஆனையூர் பக்கம் போகையில் போலீஸ் செக்கிங். ஊருக்குள் ஏதோ வெட்டுக்குத்து என்று எல்லா வண்டியையும் நிறுத்தினார்கள்.

"பெட்டிக்குள்ள என்னய்யா?" என்றார் ஏட்டு.

"படம் சார். போலீஸ் படம்."

"வண்டி புக்கு?"

"தியேட்டர் வண்டி சார். புக்கு முதலாளி வீட்ல இருக்கு."

"அப்ப இன்ஸ்பெக்டர் அய்யா வரட்டும். ஓரமா நில்லு."

"சார், அங்க சனம் உக்காந்திருக்கு. லேட்டானா என் வேலை போயிரும் சார்."

"நானுந்தான் காலையிலருந்து நிக்கிறேன். உன் படத்துல வர்ற ஆபீசரு இம்புட்டு வெயில்ல நிக்கிறாரா?"

"இல்ல சார். ஜீப்புல வருவாரு."

"கேட்டியா மாப்ள, ஜீப்பாம்!" என்று பக்கத்தில் நின்ற போலீஸ்காரரிடம் சொன்னார். "நம்ம ஜீப்ப இந்நேரம் எவன் தள்ளிக்கிட்டு வாரானோ!"

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்து, பெட்டியைத் திறந்து பார்த்து, என்னை ஒருவழியாக அனுப்பியபோது அங்கே இடைவேளை எப்போதோ முடிந்திருக்கும். வேலை போனது போனதுதான் என்று வண்டியை முடுக்கினேன்.

அலங்காநல்லூரில் சீட்டு கிழியும் சத்தம் இல்லை. விசில் சத்தம். ஆபரேட்டர் வேறு வழியில்லாமல், முதல் பாதியில் சண்டை வரும் சுருளை மறுபடியும் மாட்டி ஓட்டியிருக்கிறார்.

"செத்தவன்லாம் எந்திரிச்சு வந்துட்டாண்டா!"

"இன்னொருக்கா வெளுங்கண்ணே, திருந்தட்டும்!" என்று உள்ளே கத்திக்கொண்டிருந்தார்கள்.

மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். நான் செக்கிங் கதையை ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை.

"வேர்வையத் தொடச்சுக்க. சனம் என்னமா ரசிக்குதுங்கிற! இனிமே தெனமும் அந்தச் சண்டைய ரெண்டு தடவ ஓட்டிரலாம். நீ மெதுவாவே வாப்பா."

"சரிண்ணே" என்று பெட்டியைக் கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். வேலை தப்பியதற்குச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. காளவாசல் மேனேஜர் இவரைவிடக் கோபக்காரர். அவருடைய சாயங்காலக் காட்சிக்கு முதல் பாதியை நான்தான் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். அதிலுள்ள சண்டைச் சுருள் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.