பன்றிக்குப் போதாத தோட்டா

எங்கள் பக்கத்தில் சத்தத்துக்கு மரியாதை கிடையாது. சிவகாசியைச் சுற்றி எங்கேயாவது ஒரு கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில், பட்டாசுக் கம்பெனி நடத்திய என் தாய்மாமா லைசன்ஸ் வாங்கி ஒரு பாயிண்ட் தேர்ட்டி டூ ரிவால்வர் வைத்திருந்தார். நான்காம் வகுப்பில் அதனால் எனக்கிருந்த செல்வாக்கு கொஞ்சநஞ்சமல்ல. மாமா சுட்டதில் காட்டுப்பன்றி ஒன்று இரண்டாகப் பிளந்ததாக நானே சொல்லி, நானே நம்பியும் விட்டேன்.

வீட்டில் அந்தத் தோட்டாவுக்கு அவ்வளவு மதிப்பில்லை. அப்பா அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "என்ன மச்சான், மாத்திரை கணக்கா இருக்கு? சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்பார்.

மாமா விடமாட்டார். சின்னத் தோட்டா என்றால் துப்பாக்கியும் சின்னது, இடுப்பில் உறுத்தாது. சுட்டால் கை உதறாது, அதனால் குறி தப்பாது.

"குறி தப்பாம என்ன செய்ய? பட்டவன் தடவிவிட்டுட்டு வருவான்" என்பார் அப்பா.

இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்று இன்று தெரிகிறது. அன்று நான் மாமா கட்சி.

வெம்பக்கோட்டைப் பக்கம் மாமா மானாவாரியில் மக்காச்சோளம் போட்டிருந்தார். கதிர் பிடிக்கிற நேரத்தில் பன்றிகள் இறங்கிப் பாதியை மிதித்துவிட்டன. மிச்சத்தையாவது காப்பாற்ற ஒரு சாயங்காலம் மாமா துப்பாக்கியோடு கிளம்ப, அப்பாவும் நானும் தொற்றிக்கொண்டோம். வானத்தைப் பார்த்துச் சுட்டு விரட்டுவதுதான் திட்டம்.

பன்றிகள் வந்தன. மாமா கையை உயர்த்திச் சுட்டார். 'டப்' என்றது. அவ்வளவுதான். பன்றிகள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்னத் தொடங்கின. அவையும் இந்த ஊர்ப் பன்றிகள்தானே.

"நம்ம குருவி வெடியே இதைவிடக் கேக்கும் மச்சான்!" என்று அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கோ என்னவோ, குட்டிகளோடு நின்ற பெரிய பன்றி ஒன்று எங்களை நோக்கித் திரும்பியது. நான் அப்பாவின் பையிலிருந்து செல்போனை உருவிக்கொண்டு முன்னால் ஓடினேன். வகுப்புக்குச் சாட்சி வேண்டுமல்லவா? மாமா பாய்ந்து வந்து எனக்கு முன்னால் காலை அகட்டி நின்றார். துப்பாக்கியைப் பன்றிக்கு நேரே நீட்டினார். சுடவில்லை.

"மாமா, மறைக்கிறீக! தள்ளுங்க!"

"ஏலே, அசையாம நில்லுலே. இது பட்டா அது சாகாது, கோவந்தான் வரும்."

அப்பா சிரிப்பை நிறுத்தியிருந்தார். பன்றி உறுமியது, கொஞ்ச நேரம் பார்த்தது, பிறகு குட்டிகளைக் கூட்டிக்கொண்டு சோளத்துக்குள் போய்விட்டது.

"சோளம் போனாப் போகுது அத்தான்" என்றார் மாமா.

திரும்பும்போது அப்பா மாமாவின் தோளில் போட்ட கையை எடுக்கவே இல்லை. எனக்கு மாமாமேல் ஆத்திரம். நான் எடுத்த படத்தில் பன்றியைக் காணோம். வியர்த்து நனைந்த மாமாவின் முதுகுதான் முழுக்க நிறைந்திருந்தது. இதைப் போய் யாரிடம் காட்டுவது என்று, வண்டியில் ஏறுவதற்குள் அழித்துவிட்டேன்.