மூன்றாம் அத்தியாயத்தின் சொந்தக்காரி

என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் வேறொருவருடையது என்று கணினி சொல்லிவிட்டது. கடுகண்ணாவையிலிருந்து ரயிலேறிக் கண்டிக் கடைகளுக்கு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றிய அத்தியாயம் அது. அதே பெட்டியில் கால் கடுக்க நின்று, அவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் எல்லா ஆய்வேடுகளையும் ஒரு மென்பொருளில் போட்டுப் பார்ப்பார்கள்; ஏற்கெனவே எங்காவது வெளிவந்த வரிகள் சிவப்பாகத் தெரியும். என்னுடையதில் சிவக்காத வரியைத் தேட வேண்டியிருந்தது.

திருட்டு என்று முடிவானால் பட்டம் கிடையாது. பார்த்து எழுதாதே என்று வகுப்பில் தினமும் கத்துகிற ஆசிரியை நான். பேராதனைக்குப் போகும் பஸ்ஸில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். எனக்கு முன்னால் என் பெண்களிடம் பேசிய அந்தக் களவாணி யார்?

மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்துக்காரர், வீண்பேச்சுப் பேசாதவர். திரையை என் பக்கம் திருப்பினார்.

"இந்த ஆள் ஆர்? உமக்குத் தெரியுமோ?"

பார்த்தேன். அப்பாவின் பெயர். அதற்கு முன்னால் என் முதலெழுத்து.

"நான்தான் சேர்."

கல்யாணத்துக்கு முன் ஒரு கருத்தரங்கில் வாசித்த கட்டுரை; அது இணையத்தில் ஏறியிருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை. எங்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்போது என் பெயருக்குப் பின்னால் அப்பா இருந்தார், இப்போது திருமதிக்குப் பின்னால் கணவர் மட்டும் இருக்கிறார். கணினிக்கு நாங்கள் இரண்டு பெண்கள். நான் எழுதியதை நான் எடுப்பதற்கு யாரிடம் சொல்ல வேண்டும் என்று, அந்தக் கட்டுரையை, எடுத்தாண்ட நூல்களின் பட்டியலான உசாத்துணையில் சேர்க்காமலே விட்டிருந்தேன்.

கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் ரெட்டைப் பின்னலோடு என் படம் இருந்தது. அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தேவிட்டார்.

"உம்மட எழுத்தெண்டாலும் எங்கயிருந்து எடுத்தனீர் எண்டு சொல்லத்தான் வேணும். திருத்திக் கொண்டு வாரும்."

அப்பாடா என்று இருந்தது. கன்டீனில் உட்கார்ந்து இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டேன். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கியிருக்கவில்லை.

திருத்துவது எளிது. எடுத்த இடத்திலெல்லாம் கட்டுரையாசிரியரின் கடைசிப் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். போட்டு முடித்ததும் அச்செடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனேன். அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து, அடுத்தவர் கையெழுத்துக்குப் போகும் கடிதங்களையே காலமெல்லாம் எழுதியவர். மூன்றாம் அத்தியாயத்தை மெதுவாகப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் அவர் பெயர்.

"நான் ஒரு வரிகூட எழுதலையேம்மா," என்றார். கூச்சமாக இருந்தாலும் முகம் மலர்ந்துபோயிருந்தது.

விதி அப்படி என்றேன். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். அதில் திருமதி என்று போட்டு என் கணவரின் பெயர்.

"அப்ப இதுல நீ எங்கம்மா இருக்கே?"

உசாத்துணைப் பட்டியலை எடுத்து, அவர் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி வைத்து நின்ற என் ஒற்றை எழுத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இவ்வளவுதானா என்று கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் எனக்கும் கோபம் வந்திருக்கும். திருடி இல்லை என்று ஆகியிருந்த அன்றைக்கு, அந்த ஓர் எழுத்தே எனக்கு நிறைய இருந்தது.