சாம்பியன் மாற்றிய போர்டு

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு உடன் வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் ‘சாம்பியன்’. பாதி கிண்டல்தான். அவர் அதை ஒரு நாளும் கிண்டலாக எடுத்துக்கொண்டதில்லை. மேலிருந்து இறங்கும் பூச்சிகளைச் சுடுகிற பழைய வீடியோ கேம் ஒன்றில், உலகத்திலேயே அதிகப் புள்ளி அவருடையது. வேறு எதிலும் அந்த மனிதரை யாரும் முதல் ஆளாக நிறுத்தியதே இல்லை.

இரண்டாவது இடத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். இருவரும் மாற்றி மாற்றி ஒருவர் ரெக்கார்டை ஒருவர் உடைத்தவர்கள். முகம் கொடுத்துப் பேசிக்கொண்டதில்லை. ஆனால் இவருக்குச் சளி பிடித்தால்கூட அவருக்குத் தகவல் போய்விடும். சாம்பியன் கடைசியாக ஒரு பெரிய புள்ளியை எடுத்தபிறகு கடைக்காரர் போட்டியை விட்டே ஒதுங்கிவிட்டார். பயந்துவிட்டான் என்று இவர் மனைவியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

பல வருஷம் கழித்து, இந்தப் போட்டியை வைத்து ஆவணப்படம் எடுக்க ஒரு பெண் வந்தாள். சாம்பியனுக்குத் தலைகால் புரியவில்லை. கூடத்தை அடைத்து நின்ற கேம் மெஷினின் பின்கதவைத் தானாகவே திறந்து காட்டினார். இடையில், ஆட்டத்தை ஓட்டுகிற சர்க்யூட் போர்டு கருகிப்போனதாம். அதே போர்டு கிடைக்காததால் வேறொன்றை வாங்கிப் பொருத்தினாராம். லிஃப்டானாலும் கேமானாலும் ஓடினால் சரி, மெக்கானிக்குக்கு அதுதான் நியாயம்.

“அதுக்கப்புறம்தாங்க என் ரெக்கார்டே” என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார்.

நுணலும் தன் வாயால் கெடும். யாரும் கேட்காததைச் சொல்லி, தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டார். படம் வெளியானதும் ரெக்கார்டுகளைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்தார் அதே மாதிரி போர்டை வாங்கிச் சோதித்தார்கள். அதில் பூச்சிகள் அசல் போர்டைவிட ஒரு துளி மெதுவாக இறங்கின; வெறும் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சாம்பியன் பெயரை அடித்துவிட்டார்கள். அசல் போர்டைத் தேடிப் பிடித்து மறுபடி ஆடச் சொன்னாள் மனைவி. ஆடினார். வயதான விரல்கள் பாதிப் புள்ளிக்குமேல் ஒத்துழைக்கவில்லை. பித்துப் பிடித்தவர்போல நாலு சுவருக்குள் அடைந்து கிடந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர் வீடு தேடி வந்தார். முதலிடம் இப்போது அவருடையது. கொக்கரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று சாம்பியன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். வந்தவர் உட்காரவில்லை.

“உங்க புள்ளியைத் தாண்டணும்னு ராப்பகலா ஆடினேன். கடையைப் பாக்கலை, பிள்ளைங்களைப் பாக்கலை. கடைசில இது என்னால ஆகாதுன்னு மெஷினையே உடைச்சிட்டேன். நான் எதுக்கும் லாயக்கில்லைன்னுதான் இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன்” என்றார். பிறகு, “தெரிஞ்சே மாத்தினீங்களா?” என்று கேட்டார்.

“சத்தியமாத் தெரியாதுங்க.”

கடைக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“தெரிஞ்சு செஞ்சிருந்தா உங்களைத் திட்டியாவது தீத்திருப்பேன்.”

அவர் படியிறங்கிப் போனார். இவர் மன்னிப்புக் கேட்டிருக்கலாம், கேட்டால் போன வருஷங்கள் வந்துவிடுமா? தன் பெயரை அடித்தபோது அழாத சாம்பியன், வாசலில் நின்று வாய்விட்டு அழுதார்.